மிஞ்சிய சில்லறை

ஊட்டி மலை ரயிலை எத்தனையோ தமிழ்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதே ரயில் ஓர் ஆங்கிலப் படத்திலும் வருகிறது. டேவிட் லீன் எடுத்த 'எ பாஸேஜ் டு இண்டியா', 1984. வழக்கம்போல ஓர் ஆள் பெட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டு வருகிறார் – டாக்டர் அஜீஸாக விக்டர் பானர்ஜி. உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. கதையில் அவர் பெயர் மிஸஸ் மூர். இந்த வாரம் அந்தப் பாட்டியைப் பற்றித்தான்.

நடித்தவர் பெக்கி ஆஷ்கிராஃப்ட். அந்த வேஷத்துக்காக 1985 மார்ச்சில் ஆஸ்கர் கிடைத்தபோது அவருக்கு வயது 77. துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியவர்களில் இன்றுவரை அவர்தான் மூத்தவர். 'பரவாயில்லையே, பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் ஒரு சான்ஸ் அடித்திருக்கிறது' என்று நினைக்கிறீர்களா? முதல் முறை படம் பார்த்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். சுத்தத் தப்பு.

கணக்கைக் கொஞ்சம் பின்னால் புரட்டுவோம்.

1907இல் லண்டனை ஒட்டிய கிராய்டனில் பிறந்தவர். அப்பா முதல் உலகப் போரில் செத்துப்போனார். 1926இல் மேடையேறிய பெக்கி, 1930இல் 'ஒதெல்லோ'வில் டெஸ்டிமோனா. எதிரே ஒதெல்லோவாக பால் ராப்சன், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர், நடிகர். லண்டன் மேடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கறுப்பு மனிதரை முத்தமிடுகிறாள் என்றதும் சும்மா இருப்பார்களா? வசைக் கடிதங்கள் வந்தன. பெண்ணுக்கு வயது 22தான். அசரவில்லை.

1935இல் ஜூலியட். ஜான் கீல்குட்டும் லாரன்ஸ் ஒலிவியரும் ரோமியோ, மெர்குஷியோ வேஷங்களை முறை வைத்து மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஜூலியட் மட்டும் மாறவில்லை. 1949இல் 'தி ஏர்ரஸ்' நாடகம். அதே வருஷம் ஹாலிவுட் அந்தக் கதையைப் படமாக்கியது. மேடையில் அப்பாவாக நடித்த ரால்ஃப் ரிச்சர்ட்சன் படத்திலும் அப்பா. மகள் வேஷம் ஒலிவியா டி ஹாவிலண்டுக்குப் போனது. ஆஸ்கரும் அவருக்கே. 1952இல் 'தி டீப் ப்ளூ ஸீ' நாடகத்தின் ஹெஸ்டர். முதன்முதலாக அந்தப் பெண்ணுக்கு உயிர் கொடுத்தவர் பெக்கி. 1955இல் படமானபோது ஹெஸ்டராக வந்தவர் விவியன் லீ. 1956இல் 'டேம்' பட்டம். 1962இல் பிறந்த ஊரில் அவர் பெயரிலேயே ஒரு தியேட்டர்.

இதில் நீங்களும் நானும் பார்க்கக்கூடியது எவ்வளவு? டெஸ்டிமோனா இல்லை. ஜூலியட் இல்லை. ஹெஸ்டர் இல்லை. திரை விழுந்தது, ஜனங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், சரக்கு தீர்ந்துவிட்டது. பி.காமில் 'குட்வில்' என்று ஒரு சமாச்சாரம் சொல்லித்தருவார்கள். கடையின் நல்ல பெயருக்கும் ஒரு விலை உண்டு. புத்தகத்தில் எழுதலாம், கையால் தொட முடியாது. மேடை நடிகையின் சொத்து முழுக்க அதுதான். பார்த்தவர்கள் சொல்ல, பார்க்காதவர்கள் நம்பவேண்டும்.

நம்பிக்கையின் பேரில் விமர்சனம் எழுத முடியாது இல்லையா? அதனால் மிஞ்சியதை வைத்துப் பேசுவோம்.

ஹிட்ச்காக்கின் 'தி தேர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்' படத்தைத் தேடிப் பாருங்கள். ஜூலியட் வேஷம் போட்ட அதே 1935தான். போலீஸுக்குத் தப்பி ஓடும் ஹீரோ ஸ்காட்லாந்தில் ஒரு குடியானவன் வீட்டில் ஒரு ராத்திரி தங்குகிறான். புருஷன் கஞ்சன், முரடன், பக்திமான். பெண்டாட்டி கிளாஸ்கோவில் வளர்ந்தவள், பட்டணத்துக்கு ஏங்குகிறவள். லண்டன் பெண்கள் கால் நகத்துக்குச் சாயம் பூசுவார்களாமே, நிஜமா என்று கேட்கிறாள். அவன் பதில் சொல்லும்போது அந்த முகத்தைக் கவனியுங்கள். நல்ல நாளும் பொழுதும் இல்லாத ஒரு வாழ்க்கை மொத்தமும் தெரிகிறது. சொந்தக் கஷ்டத்தைச் சொல்லி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சில நிமிஷம்தான். புருஷனின் கோட்டை எடுத்து ஹீரோவுக்குக் கொடுத்து அனுப்பிவிடுகிறாள். அதற்காக அடி வாங்குகிறாள். அதோடு படத்திலிருந்து காணாமல் போகிறாள். நமக்குத்தான் மனசு அந்த வீட்டிலேயே நின்றுவிடுகிறது.

என் கட்சி இதுதான்: பெக்கியின் பலம் வசனம் பேசுவதில் மட்டும் இல்லை, எதிராளி பேசுவதைக் கேட்பதில். அதற்கு அடுத்த சாட்சி, 49 வருஷம் கழித்து வரும் மசூதிக் காட்சி. நிலா வெளிச்சம். மிஸஸ் மூர் தனியாக உள்ளே வருகிறார். வெள்ளைக்காரி செருப்போடு நுழைந்துவிட்டாள் என்று அஜீஸ் கோபத்தில் சத்தம் போடுகிறான். வாசலிலேயே கழற்றிவிட்டேன் என்கிறார். 'பாருங்கள், நான் எவ்வளவு நல்லவள்' என்ற தொனி துளிக்கூட இல்லை. கோயிலுக்குள் போனால் செருப்பைக் கழற்றுவது போல, அவ்வளவு சாதாரணம். பிறகு அஜீஸ் பேசப்பேச, அவர் கேட்கிறார். ராப்சனோடு நின்றதற்காகத் திட்டு வாங்கிய அந்த 22 வயசுப் பெண்ணை எனக்கு அங்கே தெரிகிறது.

மிஸஸ் மூரை 'அன்பே உருவான பாட்டி' என்று புகழ்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அவர்கள் பாதிப் படம்தான் பார்த்திருக்கிறார்கள். குகைக்குள் எதிரொலி கேட்டு மூச்சுத் திணறிய பிறகு மிஸஸ் மூர் வேறு ஆள். அஜீஸ் ஒரு தப்பும் செய்யவில்லை என்று அவருக்குத் தெரியும். அவன் மேல் பொய் வழக்கு, தலைக்கு மேல் கத்தி. இந்தக் கிழவியோ, எனக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று அலுத்துக்கொண்டு கப்பல் ஏறிவிடுகிறார். ஒரு சாட்சி சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வேறு நடிகையாக இருந்தால் இந்த இடத்தில் கண் கலங்கி நம்மிடம் மன்னிப்பு வாங்கியிருப்பார். பெக்கி வாங்கவில்லை. சிடுசிடுப்பு, களைப்பு, சாவு பயம் எல்லாவற்றையும் அப்படியே காட்டுகிறார். நல்ல மனுஷியும் கைவிடுவாள் என்பதுதான் அந்த நடிப்பு சொல்லும் சேதி. கசப்பானது. அதனால்தான் நிஜம்.

இத்தனைக்கும் படம் குறையில்லாதது அல்ல. அலெக் கின்னஸுக்கு மாநிறம் பூசி, பேராசிரியர் காட்போலே என்று உட்காரவைத்திருக்கிறார் லீன். என்னால் சிரிக்கத்தான் முடிகிறது. அந்தப் பக்கத்தில் பெக்கி வேஷம் போட்டதே தெரியாமல் உட்கார்ந்திருப்பது இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். 1984இன் ஆரம்பத்தில் பிரிட்டிஷ் டி.வி.யில் 14 பாகமாக வந்த 'தி ஜுவல் இன் தி க்ரவுன்'. அதில் பார்பி என்ற ஓய்வு பெற்ற மிஷனரி டீச்சர். ஓயாமல் பேசுகிறவள், யாருமே காது கொடுக்காதவள். இந்தியாவில் பல காலம் உழைத்துவிட்டு, தங்க ஒரு ரூமுக்காக அடுத்தவர் தயவில் நிற்கிறாள். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சே இல்லாமல் கிடக்கிறாள். கேட்பதில் கெட்டிக்காரியான நடிகை, கேட்க ஆளில்லாத பெண்ணாக வருகிறார். என்னைக் கேட்டால் ஆஸ்கர் இதற்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். டி.வி.க்கு ஆஸ்கர் கிடையாதே!

மேடை சரக்கும் முழுக்கப் போய்விடவில்லை. 1963இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைச் சேர்த்துக் கோத்து 'தி வார்ஸ் ஆஃப் தி ரோஸஸ்' போட்டார்கள். அதில் ராணி மார்கரெட்டாக இளம் பெண்ணிலிருந்து கிழவி வரை வளர்ந்து காட்டினார், 55 வயதில். பி.பி.சி. அதைப் படம் பிடித்து 1965இல் ஒளிபரப்பியது. எதிரிக்குக் காகிதக் கிரீடம் சூட்டி, அவன் மகன் ரத்தத்தில் நனைத்த கைக்குட்டையை நீட்டும் காட்சி ஒன்று இருக்கிறது. இந்தச் சாந்தமான பாட்டியா இப்படி என்று திகைப்பீர்கள்.

1991இல் பெக்கி காலமானார். நமக்குக் கிடைத்திருப்பது சில்லறைதான். நோட்டுக்கட்டு லண்டன் தியேட்டர்களில் செலவாகிவிட்டது. ஆனால் ஒவ்வொன்றும் செல்லும் காசு.

ஆஸ்கர் விழாவுக்கு அவர் போகவில்லை தெரியுமோ? பரிசை அவருக்காக ஏஞ்சலா லான்ஸ்பரி வாங்கினார். சக நடிகர் மைக்கேல் ரெட்கிரேவ் நாலு நாள் முன்னால் இறந்திருந்தார். இறுதிச் சடங்குக்காக பெக்கி லண்டனிலேயே தங்கிவிட்டார்.