குறைவில் விளைந்த இசை

வறுமையே கலையை வளர்க்கும் என்னும் கூற்று இலக்கிய மேடைகளில் அடிக்கடி ஒலிப்பதாகும். அதன் மெய்ம்மையை ஆராய, இங்கிலாந்தின் பேராலய இசைஞர் சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லியின் வாழ்வு தக்கதோர் உரைகல்லாகும்.

1810இல் பிறந்த வெஸ்லி, பாமாலை ஆசிரியர் சார்ல்ஸ் வெஸ்லியின் பேரர். 1832இல் ஹியர்ஃபோர்டு பேராலயத்தில் ஆர்கன் இசைஞராக அமர்ந்தார். பின்னர் எக்ஸிட்டர் பேராலயம் (1835), லீட்ஸ் நகரின் பங்குக்கோயில் (1842), வின்செஸ்டர் பேராலயம் (1849), குளோஸ்டர் பேராலயம் (1865) எனப் பணி தொடர்ந்தது. ஆர்கன் வாசிப்பதோடு, பாடகர் குழுவைப் பயிற்றி நடத்தும் பொறுப்பும் அப்பதவிக்கு உரியதாகும்.

ஹியர்ஃபோர்டில் ஓர் உயிர்ப்புத் திருநாளுக்குப் பாடகர் கிடைக்கவில்லை. இருந்தோர் சிறுவர்களும், தலைமைக் குருவின் இல்லப் பணியாளராகிய ஒரே ஓர் ஆண் பாடகருமே என்பர். அந்நாளுக்கென அவர் யாத்ததே ‘பிளெஸ்ஸட் பி தி காட் அண்ட் ஃபாதர்’ என்னும் வழிபாட்டுப் பாடல். அதன் நடுப்பகுதியில் ஒரு சிறுவனின் தனிக்குரல் எழ, ஏனைய சிறுவர் அதற்கு மறுமொழி பாடுகின்றனர். இறுதிப் பகுதிக்கு முன் ஆர்கன் பேரொலியாய் முழங்குகின்றது. இருக்கும் குரல்களின் அழகு வெளிப்படவும், இல்லாத குரல்களின் குறை மறையவும் அமைந்த இவ்வமைப்பே பாடலின் உயிர்நிலை எனலாம். இன்றும் ஆங்கிலேய ஆலயங்களில் அது பாடப்படுகின்றது.

எனின், மேற்கூறிய கூற்று மெய்யாயிற்றன்றோ என வினவலாம். வெஸ்லியே அதனை ஏற்கவில்லை. 1849இல் பேராலய இசை குறித்து அவர் வெளியிட்ட சிறு நூலில், பாடகர் குழுவில் ஆடவர் பன்னிருவரேனும் இருத்தல் வேண்டும் என வாதிட்டார். ஒரே ஆண்குரலைக் கொண்டு வெற்றி கண்டவரே பன்னிரு குரல் கேட்கின்றார். தம் சாதனையைக் குறைபாட்டிற்குரிய நற்சான்றாக்க அவர் உடன்படவில்லை என்பது இதனால் தெளிவாம்.

அவர்பாலும் குறை உண்டு. கடமையைத் துணைவரிடம் விட்டுத் தூண்டிலோடு மீன்பிடிக்கச் சென்றவர் என்னும் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. நிருவாகத்தினரோடு பிணங்குவதும் அவர் இயல்பு. பாடகர் குழுவின் தளர்ச்சிக்கு நிருவாகம் மட்டுமே காரணமென முடிவு கட்டுதல் நடுவுநிலை ஆகாது. ஆயினும், குறை கூறியவரின் குற்றம், அவர் சுட்டிய குறையைப் பொய்யாக்கிவிடாது.

1873இல் பிரதமர் கிளாட்ஸ்டன், ‘சர்’ பட்டம் அல்லது ஆண்டுக்கு நூறு பவுன் உதவித்தொகை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பை அளித்தார். வெஸ்லி உதவித்தொகையையே ஏற்றார். 1849இல் பன்னிரு குரல் கேட்டவருக்கேற்ற முடிவே இது. மூன்றாண்டுகளில், 1876இல், அவர் மறைந்தார்.

ஹியர்ஃபோர்டில் விளைந்த பாடல் போற்றற்குரியது. அங்கிருந்த வெற்றிருக்கைகள் போற்றற்குரியன அல்ல. குறைந்த வசதியில் அரும்பணி ஆற்றுவோரைப் பாராட்டும் ஆசிரியரும் மாணவரும் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. பாராட்டோடு, இல்லாத பதினொரு குரலையும் கேட்டுப் பெறுதலே கலைக்குச் செய்யும் நன்றியாகும்.