கிருபையின் கணக்கு: எச். ஏ. கிருஷ்ணபிள்ளையை முன்வைத்துச் சில குறிப்புகள்

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் 'கிறித்தவக் கம்பர்' என்ற பட்டத்தில் தொடங்கி, விருத்தங்களின் ஓசைநயத்தில் முடித்துக்கொள்கிறார்கள். 1827இல் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கரையிருப்பில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தார். 1858இல் மயிலாப்பூர் தூய தோமா ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 'மோட்சப் பிரயாணம்' என்று நாம் அறிந்திருக்கும் ஜான் பனியனின் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) என்ற காப்பியம் செய்தார். இவ்வளவும் பாடப்புத்தகத்தில் உண்டு. இல்லாதது ஒரு கேள்விதான். கிருபையைத் தேடி ஒரு வைணவர் ஏன் சர்ச்சுக்குப் போக வேண்டும்? அது அவர் வீட்டிலேயே இருந்த சரக்கு அல்லவா?

அவர் முழுக்குப் பெற்ற மயிலாப்பூரையே எடுத்துக்கொள்வோம். பேயாழ்வார் அவதரித்ததாக மரபு சொல்லும் ஊர். சித்திரக்குளத்தை ஒட்டிக் கேசவப் பெருமாளும் வேதாந்த தேசிகரும் அண்டைவீட்டுக்காரர்கள். ஜீவன் தன் பங்குக்கு ஒரு சிறு வியாஜமாவது காட்ட வேண்டும் என்பது தேசிகர் பக்கம். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிற மாதிரி. அதுகூட வேண்டாம், பூனை தன் குட்டியைத் தானே வாயில் கவ்விக்கொண்டு போகும் என்பது பிள்ளை லோகாசாரியார் பக்கம். சரணாகதியைக்கூட 'நான் செய்த காரியம்' என்று நினைத்தால் அதுவே தடை என்கிற அளவுக்குப் போகிறது 'ஸ்ரீவசனபூஷணம்'. லூத்தர் 1517இல் தன் கண்டன வாசகங்களை வெளியிடுவதற்கு இருநூறு வருஷம் முந்திய சிந்தனை இது. ஜெர்மன் இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் இந்தியாவின் கிருபை மதத்தையும் கிறித்தவத்தையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? எனக்குப் படுவது இது. வைணவத்தில் குற்றம் பொறுக்கப்படுகிறது. தாய்ப்பசு கன்றின் உடம்பிலுள்ள அழுக்கை நக்கித் தீர்ப்பதுபோல வாத்சல்யம் அதைத் தின்றுவிடுகிறது. கிறித்தவத்தில் குற்றம் பொறுக்கப்படுவதில்லை. கடனாக எழுதப்பட்டு, வேறொருவரால் அடைக்கப்படுகிறது. பனியனின் யாத்திரிகன் முதுகுச்சுமை சிலுவையடியில் தானாகக் கழன்று விழுகிறது. அவன் அவிழ்க்கவில்லை. அதற்கப்புறம்தான் பாதையின் பெரும்பகுதி கிடக்கிறது. கிரியை கூலிக்கு அல்ல என்பதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் அதே கதையின் கடைசியில் 'அறியாமை' என்றொருவன் வருகிறான். ஜெபம், உபவாசம், தசமபாகம், தர்மம் எல்லாம் செய்தவன். பரலோக வாசல்வரை வந்தவனைக் கைகால் கட்டி நரகத்தில் தள்ளுகிறார்கள். எங்கள் தி. நகர் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னேன். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "கரெக்டுதான் சார். நாம செஞ்சதுன்னு என்ன இருக்கு? எல்லாம் கிருபை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "ஊர்ல மட்டும் கல்லறை ரெண்டு சார். கிருபை ஒண்ணு, குழி ரெண்டு."

இந்த வாக்கியத்திலிருந்துதான் நான் கிருஷ்ணபிள்ளையை மறுபடி வாசிக்க வேண்டியிருந்தது.

லூத்தருக்கு எதிரே இருந்த 'கிரியை', பாவத்தண்டனையைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்ளும் சீட்டு வியாபாரம். தமிழ்நாட்டில் அந்தச் சீட்டு இல்லை. இங்கே கிரியையின் பெயர் பிறப்பு. போன ஜென்மத்தில் செய்ததற்குக் கூலி இந்த ஜென்மத்துச் சாதி என்பது கர்மக் கணக்கு. சாதி என்பது உறைந்துபோன புண்ணியம். எனவே இம்மண்ணில் 'கிரியையினால் அல்ல' என்று சொல்வதற்கு ஒரே நேர்மையான பொருள் 'பிறப்பினால் அல்ல' என்பதுதான்.

சபைகள் என்ன செய்தன? 1833இல் பிஷப் டேனியல் வில்சன் தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். எதிர்த்தவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரும் இருந்தார். தரங்கம்பாடி மரபைத் தொடர்ந்த லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல், சாதி சமூக வழக்கம், உடனடியாக ஒழித்தாக வேண்டிய விசுவாசக் காரியம் அல்ல என்று இளக்கம் காட்டினார். தர்க்கத்தைக் கவனியுங்கள். ரட்சிப்பு விசுவாசத்தால் மட்டுமே. ஆகவே யார் எங்கே உட்கார்ந்தால் என்ன? கிருபையே சாதிக்குக் கேடயமாகிவிடுகிறது. இதைச் 'சமூகத்துக்குப் பணிந்துபோனார்கள்' என்று மட்டும் சொல்லிக் கடப்பது போதாது. இது கோட்பாட்டுத் தோல்வி. முன்வாசலில் துரத்திய கிரியை, பிறப்பு என்ற வேஷத்தில் பின்வாசல் வழியாக வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

வைணவத்தின் கதையும் வேறல்ல. உயர்ந்த பிறப்பு அகங்காரத்துக்கு இடம் கொடுக்கும், தாழ்ந்த பிறப்பே மேல் என்கிற இடம்வரை லோகாசாரியார் போனார். அவர் பரம்பரையினர் கடைசியில் எந்த நாமம், யார் முதலில் பாடுவது என்று கோர்ட்டுப் படி ஏறினார்கள்.

கிருஷ்ணபிள்ளையின் காப்பியம் இரண்டு கிருபைகளும் சந்தித்த இடம். ஆழ்வார் மொழியில் ஊறிய ஒருவர் சிலுவையைப் பாடுகிறார். அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் யாத்திரை செய்வது தனி ஆத்துமா. அதன் முதுகிலிருந்து பாவம் விழுகிறது; பிறப்பு விழுந்ததா என்று நம் விமர்சகர்கள் கேட்டதில்லை. ஓசையைக் கேட்டவர்கள் சுமையை எண்ணவில்லை.

1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் இந்தப் பழைய சண்டை பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நல்ல காரியம். ஆனால் நம் ஊர்க் கல்லறைகளில் அந்தச் சண்டை வேறு பெயரில் நடக்கிறது.

நற்கிரியைக்குத் திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. தர்மம் செய்கிறவன் கையும் மேலே இருந்துதான் நீள்கிறது; வாங்குகிறவன் கணக்கில் அது இன்னொரு கடன். யாருக்கும் தகுதி இல்லை என்ற ஒரு சொல்தான் அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கிழிக்கக்கூடியது. அதை இன்னும் முழுசாகச் சொல்லிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 'நான் சம்பாதித்தது எதுவும் இல்லை' என்று பாடுகிறவர் அந்தப் பட்டியலில் தன் சாதியையும் சேர்த்துக்கொள்ளட்டும். அதுவரை இஸ்திரிக்காரரின் வாக்கியத்துக்கு எந்த இறையியலாளரிடமும் பதில் இல்லை.