விளக்கில் வெட்டிய பெயர்

பழைய குத்துவிளக்கு ஒன்றை விலைக்குக் கேட்கிறவர், விஷயம் தெரிந்தவராயிருந்தால், அதன் சிரசிலுள்ள அன்னத்தை முதலில் பார்ப்பதில்லை. பாதத்தைக் கவிழ்த்துப் பார்க்கிறார். வார்ப்பு கனமானதா, மரை தேய்ந்திருக்கிறதா, தண்டும் பாதமும் ஒரே விளக்கைச் சேர்ந்தவைதாமா, அல்லது இரு வீட்டு விளக்குகளின் உறுப்புகளைக் கூட்டி ஒன்றாக்கியிருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கேதான் புலப்படும். பல விளக்குகளில் உளியால் வெட்டிய ஒரு பெயரும் அங்கேயே இருக்கும். புராதன வீட்டுப் பொருள்களைச் சேகரிக்கும் வழக்கத்தை இந்தியாவிலும் இலங்கையிலும் ஒப்பிட்டு நோக்குங்கால், அந்தப் பெயருக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் இவ்வழக்கத்தின் தலைநகரம் காரைக்குடி. பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி செய்து ஈட்டிய திரவியத்தைக் கொண்டு நகரத்தார் எழுப்பிய மாளிகைகளில், பர்மாத் தேக்கும், பெல்ஜியக் கண்ணாடியும், ஸ்வீடன், ஜப்பான் தேசத்து எனாமல் தூக்குகளும், பெண்ணுக்குச் சீராக வந்த பித்தளை, வெண்கலப் பாத்திரங்களும் அறை அறையாக அடைந்து கிடந்தன. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததோடு ஆட்டங்கண்ட அந்தச் செல்வம், பின்னர் பங்காளிகள் பெருகப் பெருகப் பாகப்பிரிவினையாகிப் படியிறங்கியது. படியிறங்கியவற்றுள் ஒரு பகுதி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் குவிந்தது. அங்கே ஒரு கடையில் நான் எடுத்த வெண்கலச் செம்பின் கழுத்தில் குடும்ப விலாசத்தின் முதலெழுத்துகளும் ஒரு பெண்ணின் பெயரும் வெட்டப்பட்டிருந்தன. கடைக்காரர் அதைக் குறையாக எண்ணிவிட்டார் போலும். "பாலிஷ் போட்டா எழுத்தெல்லாம் போயிடுங்கய்யா, புதுசு மாதிரி ஆயிடும்" என்று ஆறுதல் சொன்னார்.

அவரைக் குறைகூறுவதற்கில்லை. எவர்சில்வர் வந்த காலத்தில், பாட்டியின் அண்டாவையும் கூஜாவையும் பாத்திரக் கடைத் தராசில் வைத்து, எடைக்கு எடை கணக்குப் பார்த்துப் பளபளக்கும் அடுக்குகளை மாற்றிக்கொண்டு வந்தவர்கள் நாம்தாமே! அந்தத் தராசுக்கு எழுத்துத் தெரியாது. இதற்கு விலக்காக, புணேயில் தினகர் கேல்கர் என்பவர் பாக்குவெட்டி, மைச்சிமிழ், விளக்கு என்று சாதாரண மனிதர்களின் வீட்டுப் பொருள்களையே ஆயுள் முழுவதும் தேடித் திரட்டி, அகாலத்தில் இறந்த தம் பாலகன் ராஜாவின் பெயரால் ஓர் அருங்காட்சிசாலையை நிறுவினார். இந்திய விளக்குகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1961இல் வெளிவந்தது.

இலங்கையிலோ ஒரே தீவுக்குள் இருவேறு சம்பிரதாயங்கள் காணப்படுகின்றன. தென்னிலங்கையில், கொழும்பிலிருந்து காலி வரையுள்ள கரையோரத்தில், ரசிகர்கள் பெரிதும் நாடுவது 1658 முதல் 1796 வரை ஆண்ட ஒல்லாந்தர் காலத்து நாற்காலிகளையும் மரப்பெட்டிகளையுமே; அப்பெட்டியைச் சிங்களர் 'பெட்டகம' என்று நம் சொல்லாலேயே அழைக்கின்றனர். அவர்களுடைய தேங்காயெண்ணெய் விளக்கின் உச்சியில் நாச்சியார்கோயில் விளக்கின் அன்னத்துக்குப் பதிலாகச் சேவல் நிற்கும். தட்டில் எண்ணெய் குறையக் குறைய யானையின் உடலிலிருந்து தானாகவே எண்ணெய் இறங்கும்படி அமைந்த தொங்கு விளக்கொன்று, தெதிகமவில் பராக்கிரமபாகு காலத்துத் தூபியிலிருந்து கிடைத்ததை நோக்கினால், அந்நாட்டுக் கன்னாரின் மதிநுட்பம் விளங்கும். அக்கைவினைஞர்களின் மரபை 1908ஆம் ஆண்டிலேயே பெருநூலாக வரைந்தவர், தமிழ்க் குடும்பத்தில் உதித்த ஆனந்த குமாரசுவாமி என்பது நமக்குப் பெருமிதம் தருவது.

வடக்கே யாழ்ப்பாணத்தின் கதை வேறு. விருந்தினருக்கு மூக்குப்பேணி என்னும் மூக்கு வைத்த பாத்திரத்தில் நீர் கொடுத்த வீடுகள் அங்குள்ளவை. அவ்வீடுகளின் பொருள்களை எவரும் தராசில் வைக்கவில்லை. யுத்தம் வாரிக்கொண்டு போயிற்று. 1995 அக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி மக்கள் ஓரிரவில் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது, கையில் எடுத்தது எவ்வளவு இருந்திருக்கும்? ஆகையால் அங்கே சேகரிப்பு என்பது, தொலைந்ததன் மிச்சத்தைத் தேடுவதாகவே இருக்கிறது.

அங்கே நான் கண்ட ஒரு வீட்டுச் சுவாமியறையில், வெண்கல விளக்குக்குப் பக்கத்தில் ஒரு ஜாம் போத்தல் இருந்தது. 1990இல் மின்சாரம் நின்று, மண்ணெண்ணெயும் பொன்போல் அரிதான நாட்களில், போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரியை உள்ளேயே நிறுத்தி எரித்த விளக்கு அது. போத்தலே சிமினியாகவும் நின்று காற்றைத் தடுக்கும். அதன் வெளிச்சத்தில்தான் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்களாம். விலை கேட்டது என் அறியாமை. "இதென்ன தம்பி, இதுக்குப் போய் விலை கேக்கிறியள்? இது விக்கிற சாமானே?" என்றார் அந்த வீட்டு அம்மையார். அந்தப் போத்தலில் பெயர் எதுவும் வெட்டியிருக்கவில்லை. ஆனால் அது எவருடையது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இரு தேசத்துச் சட்டங்களும் புராதனத்தைக் காலத்தால் அளக்கின்றன. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு நிறைந்த கலைப்பொருள் புராதனப் பொருளாகும்; அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனிமனிதர் கடல்கடத்தக் கூடாது. இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டமோ, கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் தேதியை எல்லையாக வகுத்தது. முன்னது ஆண்டுதோறும் நகரும் கோடு. பின்னது நிலைத்து நிற்கும் கோடு. 1990ஆம் ஆண்டின் ஜாம் போத்தல் விளக்கு இந்தியக் கணக்கில் 2090இல்தான் நூறாண்டு காணும். இலங்கையின் அந்தக் கட்டளைச் சட்டக் கணக்கிலோ அது என்றுமே கோட்டுக்கு இப்பால்தான்.

சட்டம் காக்காததைச் சேகரிப்பவர்தாம் காக்க வேண்டும். பழைய செம்பையோ விளக்கையோ வாங்கும் அன்பர்களே, புளி போட்டுத் துலக்குங்கள், போதும். எழுத்தைத் தேய்த்துவிடாதீர்கள். எழுத்தே இல்லாத பொருளாயின், எந்த ஊரில், எந்த வீட்டில், யார் கையில் இருந்தது என்று விசாரித்து, ஒரு சீட்டில் எழுதி அதனுள்ளே போட்டு வையுங்கள்.