600 மீட்டர் ஓட்டமும் இரத்தத்தின் கணக்கும்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருவோருக்குக் களஞ்சியம், குதிரை லாயம், கல்யாண மஹால் ஆகியவற்றோடு உடற்பயிற்சிக் கூடம் என்று ஒரு கட்டடத்தையும் காட்டுவார்கள். அங்கே பயிற்சி செய்தவன் போர்வீரன். ஆயுதத்தோடு சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியில் ஏற வேண்டியவன். ஆகவே பயிற்சியின் நோக்கம் பற்றி ஐயம் எழ இடமில்லை. அதே கோட்டையின் அடிவாரத்தில் இன்று பள்ளிக்குச் செல்லும் மாணவிக்கு உடற்கல்வி எதற்காக? உடல்நலத்திற்காக என்று பாடத்திட்டம் விடை கூறுகிறது. அந்தச் சொல்லுக்கு அது கொள்ளும் பொருள் என்ன என்பதே நம் கேள்வி.

பள்ளி உடற்கல்வியை விட்டுப் போர்ப் பயிற்சியின் வாடை எளிதில் போய்விடவில்லை. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அதன் மூலம் விளையாட்டுக்கு ஓரிடம் கிடைத்தது. ஆயினும் விடுதலைக்குப் பின் வந்த திட்டங்களின் பெயர்களைப் பாருங்கள்: 1954-இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம், 1959-60-இல் தேசிய உடல்திறன் இயக்கம், 1965-இல் தேசிய உடல்தகுதிப் படை. நலம் என்ற சொல்லையே காணோம்! 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புதான் உடல்நலத்தையும் உடற்கல்வியையும் ஒரே பாடமாகக் கண்டது. நம் குழந்தைகளில் பெரும்பாலோரின் தொல்லை ஊட்டக்குறைவும் தொற்றுநோயும்தான் என்று அது ஒப்புக்கொண்டது. மதிய உணவும் மருத்துவப் பரிசோதனையும் கலைத்திட்டத்தின் பகுதியாக வேண்டும் என்றும் கூறியது. மிக நல்ல கருத்து.

நடைமுறைக்கு வந்தபோது இது எண்களாகச் சுருங்கிவிட்டது. 2019-இல் செயலி வடிவில் வெளிவந்த கேலோ இந்தியா உடல்தகுதிச் சோதனையை எடுத்துக்கொள்வோம். 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கு 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், தண்டால், படுத்த நிலையிலிருந்து பாதி எழுதல், உட்கார்ந்து கைநீட்டி எட்டுதல் ஆகியவற்றோடு உடல் நிறைக் குறியெண்ணும் கணக்கிடப்படுகிறது. ஒரு நிறுத்துக் கடிகாரம், ஓர் அளவு நாடா, ஓர் எடை இயந்திரம் இருந்தால் எந்தக் கிராமத்துப் பள்ளியிலும் செய்துவிடலாம். இந்த எளிமை பாராட்டத்தக்கது. குறை, அளவீட்டைப் படிக்கும் முறையில் இருக்கிறது. மதிப்பெண் ஏழு படிகளாகத் தரப்படுகிறது. மிகக் கீழ்ப்படியில் நிற்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் குறிப்பு, 'இன்னும் கடுமையாக உழை' என்பது.

600 மீட்டர் ஓட்டம் எதை அளக்கிறது? நுரையீரல், இதயம், இரத்தம், தசை ஆகிய நான்கும் சேர்ந்து பிராணவாயுவைக் கையாளும் திறனை. இதில் இரத்தத்தின் பங்கைக் கணக்கிடுவது எளிது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லி லிட்டர் பிராணவாயுவைச் சுமக்கும். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால் அது சுமப்பது 16 மில்லி லிட்டர். 9 கிராம் மட்டுமே இருந்தால் 12 மில்லி லிட்டர். சரியாகக் கால் பங்கு குறைவு. தசைகளுக்குப் பழைய அளவே சேர வேண்டுமானால் இதயம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இரத்தத்தை இறைக்க வேண்டும். ஓட்டத்தின் உச்சத்திலோ இதயம் ஏற்கெனவே தன் எல்லைக்கு அருகில் இருக்கிறது. மூச்சு வாங்குகிறது, கால் தளர்கிறது, பெண் பின்தங்குகிறாள்.

இது அபூர்வமான நிலையன்று. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 19 வயதுள்ள இந்தியப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இவர்களுள் எத்தனை பேர் சோம்பேறி என்ற பட்டத்தோடு மைதானத்தை விட்டு வருகிறார்களோ! செஞ்சிப் பக்கத்து நிலக்கடலை விவசாயி, பம்புசெட்டு தண்ணீரை மெதுவாக இறைத்தால் உடனே மோட்டாரைத் திட்டமாட்டார். முதலில் வோல்டேஜைப் பார்ப்பார். அந்த முறையான ஆராய்ச்சிகூடப் பள்ளி மாணவிக்குக் கிடைப்பதில்லை. சோதனைத் தொகுப்பில் இரத்தத்துக்கு ஒரு கட்டமே இல்லை.

உடல் நிறைக் குறியெண்ணின் கதையும் இதுதான். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்த முறை பெல்ஜிய அறிஞர் கெட்லே 1832-இல் கண்டது. அவருடைய நாட்டம் மக்கள் கூட்டத்தின் சராசரியில் இருந்தது. தனி மனிதனுக்கு நோய் கணிப்பதில் அன்று. 2004-இல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு படம் புகழ்பெற்றது. புனேயின் மருத்துவர் யாஜ்னிக், இலண்டன் மருத்துவர் யட்கின் இருவருக்கும் குறியெண் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! ஒல்லியான இந்தியனைப் பற்றி இந்த எண் சொல்லாமல் விடுவது அதிகம்.

எடை குறைக்கத்தான் உடற்பயிற்சி என்ற எண்ணமும் மாணவரிடையே பரவியிருக்கிறது. 40 கிலோ எடையுள்ள சிறுவன் ராஜகிரியின் 240 மீட்டர் ஏறினால் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை சுமார் 94,000 ஜூல், அதாவது 22 கிலோ கலோரி. தசையின் பயனுறுதிறன் நாலில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால் செலவு 100 கிலோ கலோரி வரை ஆகலாம். இரண்டு இட்லியில் அது திரும்பிவிடும். ஏறியதன் பலன் இதயத்திலும் தசையிலும் எலும்பிலும் தங்குகிறது; எடை இயந்திரம் அதைக் காட்டாது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சிறுவர்க்கு வகுத்த அளவு, நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட இயக்கம். வாரம் இரண்டொரு பாடவேளையால் இது நிறைவேறாது. பொதுத் தேர்வு நெருங்கினால் அந்தப் பாடவேளையையும் கடன் வாங்கிக்கொள்வோர் பெரும்பாலும் கணக்கும் இயற்பியலும் நடத்துவோரே!

செய்யக்கூடியது பெரிய செலவில்லாதது. வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை தரும் திட்டமும், 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் ஏற்பாடும் இருக்கின்றன. ஆனால் மாத்திரை ஒரு பதிவேட்டில், ஓட்டம் வேறொரு பதிவேட்டில். மருத்துவக் குழு வரும் வாரத்திலேயே ஓட்டச் சோதனையையும் வைத்து, ஓடிய நேரத்தையும் ஹீமோகுளோபின் அளவையும் ஒரே தாளில் எழுதலாம். குறைவுள்ளவர்க்கு மாத்திரையும் கீரையும் முட்டையும் சேர்ந்தபின், மூன்று மாதம் கழித்து இரண்டையும் மறுபடி அளந்து பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதலாம்.