விளிம்பை நம்பாதீர்கள்

எழுத்து பளிச்சென்று இருக்கிறதே என்று 1797 ‘கார்ட்வீல்’ பென்னியை ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’ விலைக்கு நீட்டுபவரிடம் எனக்குப் பேச்சே கிடையாது. கார்ட்வீலில் எழுத்து எப்போது தேய்ந்தது? அகன்று மேடாக நிற்கும் விளிம்புக்குள் அதைக் குழித்தல்லவா பதித்திருக்கிறார்கள்! உரசலையெல்லாம் விளிம்பு வாங்கிக்கொள்ள, எழுத்து பள்ளத்தில் பத்திரமாக இருக்கும்.

லென்ஸை வைக்க வேண்டிய இடம் மூன்றாம் ஜார்ஜின் காதுக்கு மேலே. முடிக்கற்றைகள் இழையிழையாகப் பிரிய வேண்டும். வாகை மாலையில் இலை பத்தா, பதினொன்றா என்று எண்ண முடிய வேண்டும். இரண்டு வகையும் உண்டு என்பதால் பட்டியலுக்கும் அது தேவை. தோளாடை மடிப்பில், அச்சைச் செதுக்கிய குக்லர் ஒளித்து வைத்த ‘கே’ தெரிந்தால் இன்னும் நல்லது. திருப்பினால் பிரிட்டானியாவின் மார்பும் முழங்காலும். அவை வழவழவென்று ஆகிவிட்டால், தூரத்துக் கப்பலின் பாய்மரம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது ‘ஃபைன்’தான்.

கார்ட்வீல் அரிய காசு அல்ல. பர்மிங்ஹாமில் போல்ட்டனின் சோஹோ நாணயச்சாலையில் நீராவி இயந்திரங்கள் கணக்கில்லாமல் அடித்துத் தள்ளின. அதனால்தான் இங்கே விலை முழுக்க முழுக்க நிலையைப் பொறுத்தது. ஒரு படி ஏறினால் விலை பல மடங்கு ஏறும். பென்னி ஒரு அவுன்ஸ், இரண்டு பென்ஸ் இரண்டு அவுன்ஸ். கடைக்காரர்கள் எடைக்கல்லாகவே வைத்துக்கொண்டார்கள். 1806இல் ஒரு பவுண்டு செம்பில் 24 பென்னி அடித்தார்கள்; 1797இல் 16தான். அந்தக் கனத்தைக் கையில் வாங்கிய பிறகு மற்றதெல்லாம் சில்லறையாகத்தான் படுகிறது.

வில்லியம் வயன் செதுக்கிய இளம் விக்டோரியா தலைதான் செம்பின் உச்சம் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பாதிப் பேர் ரசிப்பது வயனை அல்ல, 1849 என்ற வருடத்தை. கிடைக்காததாலேயே ஒரு காசு அழகாகிவிடுமா?

செந்நிறப் பித்து இன்னொரு வகை. அடித்த நாளின் சிவப்பு மிச்சமிருந்தால்தான் காசு என்பார்கள். சோஹோ நாணயச்சாலையே தன் உயர்ந்த ப்ரூஃப் காசுகள் சிலவற்றுக்கு வேண்டுமென்றே பழுப்பு ஏற்றி அனுப்பியதை என்னவென்பது? ஒரே சீராகப் படர்ந்த சாக்லேட் பழுப்பு, புள்ளியில்லாத வெற்றுப் பரப்பு, களிம்பு ஏறாத மூலைகள். இவை இருந்தால் ‘வெரி ஃபைன்’ காசுக்கே நான் கூடுதல் விலை கொடுப்பேன்.

நான் பழகிய பழைய சேகரிப்பாளர் ஒருவர் காசைத் தட்டையாகப் பார்ப்பதற்கு முன் ஓரத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவுவார். அடி விழுந்திருந்தால் விரல் நின்றுவிடும். பிறகு சின்னக் காகித உறையில் பென்சிலால் நிலையை எழுதுவார். பெரும்பாலும் விற்றவர் சொன்னதைவிட அரைப்படி கீழே. இப்போது பிளாஸ்டிக் பெட்டிக்குள் 63, 64 என்று எண் வருகிறது. ஓரத்தைத் தடவ வழியில்லை. ஷெல்டன் 1949இல் அந்த எழுபது வரையிலான அளவை வகுத்ததே அமெரிக்கச் செம்பு சென்ட்டுகளுக்கு விலைக்கணக்குப் போடத்தான். அதை ரசனைக்கு அளவுகோலாக்கிவிட்டோம்.

அதே சோஹோவில் மதராஸுக்கென்று அடித்த 1808 காசுகளின் கூத்து வேறு. அட்மிரல் கார்ட்னர் கப்பலோடு 1809இல் குட்வின் மணல்திட்டில் மூழ்கி, பின்னால் மீட்கப்பட்டவை. கடலரிப்பில் சொரசொரத்துப்போன காசுக்கும் கதையைச் சொல்லி நல்ல காசின் விலை கேட்கிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விளக்கிய காசைப் பொறுக்க முடியவில்லை. புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கைப் போல மினுங்கும் பென்னிகள் இன்று சந்தை முழுக்க. அந்த வெளிறிய ரோஜா நிறத்தை ‘ஒரிஜினல் லஸ்டர்’ என்று விற்கிறார்கள், வாங்குகிறார்கள். லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் ஓடும். போன பழுப்பு நம் ஆயுளில் திரும்பாது. உங்களிடம் ஒரு கறுத்த கார்ட்வீல் இருந்தால், தயவுசெய்து அதை அப்படியே விட்டுவிடுங்கள்.