நன்கொடையாகிவிட்ட கடமை

அமெரிக்காவில் வாழும் கம்போடிய, ஹ்மோங், லாவோ, வியத்நாமிய அகதி முதியோரின் உடல்நலம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இப்போது ஒரு வாதம் தவறாமல் முன்வைக்கப்படுகிறது. மருத்துவமனைகளுக்கு இந்த மக்களின் மொழியும் தெரியாது, மனமும் தெரியாது; அவர்களுக்குள்ளிருந்தே எழுந்த சமூக அமைப்புகளுக்கு இரண்டும் தெரியும்; ஆகவே நிதியைக் கொடுத்துப் பொறுப்பையும் அந்த அமைப்புகளிடமே விட்டுவிடலாம் என்கிறார்கள். ஃபிரெஸ்னோவில் ஹ்மோங் முதியோர் பயிரிடும் காய்கறித் தோட்டங்களும், லாங் பீச்சில் கம்போடியக் கெமர் முதியோர் கூடும் அரங்குகளும் சான்றாகக் காட்டப்படுகின்றன. வாதத்தின் முற்பகுதி உண்மை. முடிவு தவறானது. அந்த முதியோருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமையைச் சத்தமில்லாமல் பறிக்கும் முடிவு அது.

இந்த அமைப்புகளின் சாதனைகளை மறுப்பதற்கில்லை. 1990களில் வெளியான கணக்கின்படி அமெரிக்காவின் எல்லா இனத்தாரையும்விட வியத்நாமியப் பெண்களிடையேதான் கருப்பைவாய்ப் புற்றுநோய் அதிகம். கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா வட்டாரத்தில் அதே சமூகத்துப் பெண்களே வீடுகளில் கூட்டம் போட்டுப் பேசிய பிறகு, விளம்பரம் மட்டும் செய்தபோது வந்ததைவிட அதிகமான பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். மெர்செட் நகர மருத்துவமனை ஒன்று, ஹ்மோங் சாமியாடிகள் நோயாளியின் படுக்கையருகே சடங்கு செய்யலாம் என்று 2009 வாக்கில் விதிமுறையே வகுத்தது. லாங் பீச் கம்போடியரிடையே நடத்தப்பட்டு 2005இல் வெளிவந்த ஆய்வு, போர்க்காலக் கொடுமைகளின் மனவடு நோய் 62 விழுக்காட்டினரிடமும் கடும் மனச்சோர்வு 51 விழுக்காட்டினரிடமும் இருப்பதாகச் சொன்னது. அப்படிப்பட்டவர்களை வீட்டை விட்டு வெளியே வரவைத்து நாலு பேரோடு உட்காரவைப்பதே பெரிய வேலைதான்.

என் ஆட்சேபம் மருத்துவரின் அறைக்குள் நடப்பதைப் பற்றியது.

அமெரிக்க அரசின் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் பிறந்த நாட்டை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம். மொழி புரியாதவரை அப்படியே விட்டுவிடுவதும் பாகுபாடுதான் என்பதை, சான் ஃபிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் தொடுத்த வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நோயாளியே தனக்கு மொழிபெயர்க்க ஆள் கூட்டிவர வேண்டும் என்று கேட்கக் கூடாது, அவசர நிலை தவிரப் பிள்ளைகளை மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது என்று, ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் 2016இல் வந்த விதிகள் வெளிப்படையாகவே சொல்லின. மெடிகேர், மெடிகெய்ட் என்னும் அரசு மருத்துவக் காப்பீடுகளின் பணம் பெறும் மருத்துவமனை எதுவும் இதற்குத் தப்ப முடியாது. தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தன் செலவில் ஏற்பாடு செய்வது அதன் கடமை.

நடைமுறை வேறு. அமைப்பின் ஊழியர் காலையில் காரோடு வந்து பாட்டியை ஏற்றிக்கொள்கிறார். பதிவு மேசையில் படிவம் நிரப்புகிறார். மருத்துவர் பேசுவதை அவரே கெமர் மொழியிலோ ஹ்மோங் மொழியிலோ சொல்கிறார். கூடவே ஆள் இருப்பதால் யாரும் மொழிபெயர்ப்பாளரை அழைப்பதில்லை. மருத்துவமனையின் பதிவேட்டில் குறை எதுவும் ஏறுவதில்லை, புகாரும் எழுவதில்லை. நிதி கொடுத்தவருக்கு அனுப்பும் அறிக்கையில் 'பயன்பெற்றோர்' எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. அமைப்பு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, மருத்துவமனையின் தவறு அவ்வளவுக்கு மறைகிறது.

அந்த ஊழியரின் வேலைநேரம் மாலையோடு முடிகிறது. பக்கவாதம் நேரம் பார்த்து வருவதில்லை. இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் கேட்கப்படும் முதற்கேள்வி, இவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பது. நள்ளிரவில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கணவரை அழைத்துவந்த, ஆங்கிலம் அறியாத எழுபது வயது மனைவி. அவரைப் போன்றவரோடு பேசும் வழக்கத்தைப் பகலிலேயே ஏற்படுத்திக்கொள்ளாத மருத்துவமனை இரவில் திடீரென்று ஏற்படுத்திக்கொள்ளாது.

மறதி நோய் இன்னும் கடினமான இடம். கடிகாரம் வரையச் சொல்வது, ஒரு சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்டச் சொல்வது என்று வழக்கமான சோதனைகள் பள்ளிப் படிப்பை முன்வைத்தே உருவானவை. 2004இல் தாய்லாந்தின் வாட் தாம் கிராபோக் முகாமிலிருந்து அமெரிக்காவுக்கு வரத் தொடங்கிய சுமார் 15,000 ஹ்மோங் மக்களில் முதியவர்கள் பலர் பென்சிலே பிடிக்காதவர்கள். அவர்கள் மொழிக்கு உரோமன் எழுத்துமுறை அமைந்ததே 1950களில்தான். மொழிபெயர்த்த துண்டறிக்கை அவர்கள் கையில் வெறும் தாள். அப்படிப்பட்ட முதியவரின் நினைவு உண்மையிலேயே மங்குகிறதா என்பதைப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை வைத்து, நேரம் எடுத்துத்தான் அறிய முடியும். இதைத் தோட்டமும் அரங்கும் செய்துதராது. நல்லெண்ணம் மட்டும் கொண்ட இளம் ஊழியராலும் முடியாது. தாத்தாவின் தடுமாற்றத்தை அவரே சீர்செய்து, கோவையான வாக்கியமாக மருத்துவரிடம் சொல்லிவிடுவார். மரியாதையால் செய்வது அது. நோய் அங்கேயே ஒளிந்துகொள்கிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் பணம் இருக்கிறது. இலாப நோக்கற்ற மருத்துவமனைகள் வரிவிலக்குப் பெறுவதற்குச் சமூகத்துக்குத் தாங்கள் செய்யும் நன்மையைக் கணக்குக் காட்டுகின்றன. 2010இல் வந்த அதே மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வட்டாரத்தின் சுகாதாரத் தேவைகளையும் ஆராய்ந்து எழுத வேண்டும். சமூக அமைப்புக்குக் கொடுக்கும் சிறு மானியம் அந்தக் கணக்கில் ஏறுகிறது. சட்டப்படி தானே செய்ய வேண்டிய வேலையைக் குறைந்த செலவில் பிறரைச் செய்யவைத்து, அதை நன்கொடை என்றும் எழுதிக்கொள்ள மருத்துவமனைக்கு வழி கிடைக்கிறது. மானியம் வாங்கிய அமைப்பு அடுத்த ஆண்டும் அதே கதவைத் தட்ட வேண்டும். அது எப்படிப் புகார் எழுதும்? இந்த உறவைக் 'கூட்டாண்மை' என்று மாநாடுகளில் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

முதியவர்கள் தொலைபேசியில் பேசும் முகம் தெரியாத மொழிபெயர்ப்பாளரை நம்புவதில்லை, தெரிந்த ஊழியரைத்தான் நம்புகிறார்கள் என்று பதில் வரும். பாதி உண்மை. தாங்கள் போகும் அதே விகாரைக்கு வரும் ஊழியர் முன்னால் சொல்ல முடியாத நோய்களும் உண்டு. கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் காலத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்ற சந்தேகம் இன்னும் தீராத சமூகத்தில், தெரிந்த முகம் எப்போதும் ஆறுதல் தருவதில்லை. நம்பிக்கைதான் காரணம் என்றால், அந்த ஊழியரையே மருத்துவமனை வேலைக்கு எடுக்கட்டும். மருத்துவ மொழிபெயர்ப்பில் பயிற்சி கொடுத்து, தன் ஊழியருக்குத் தரும் சம்பளமும் காப்பீடும் ஓய்வூதியமும் தரட்டும். இப்போதோ மானியம் முடிந்ததும் அவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். எந்தப் பாட்டி எந்த மாத்திரையைப் பயந்து பாதியில் நிறுத்துவாள் என்ற அறிவும் அவரோடு போய்விடுகிறது.

இந்தச் சமூகங்களுக்கு உரிமை கேட்கத் தெரியாது என்றில்லை. 1996ஆம் ஆண்டு நலத்திட்டச் சட்டம் குடியுரிமை இல்லாத முதியோரின் உதவித்தொகையில் கைவைத்தபோது, தென்கிழக்காசிய அமைப்புகள் தெருவிலும் வாஷிங்டனிலும் போராடின. அடுத்த ஆண்டே பலருக்கு உதவித்தொகை திரும்பக் கிடைத்தது. லாவோஸில் அமெரிக்காவுக்காக இரகசியப் போர் புரிந்த ஹ்மோங் வீரர்களுக்குக் குடியுரிமைக்கான ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்களித்து 2000இல் சட்டம் வந்தது. முதியோர் நலனுக்காக இந்த அமைப்புகள் செய்தவற்றில் ஆகப் பெரியவை இவைதான் என்பேன். எந்த மருத்துவமனையின் மானியமும் இல்லாமல் நடந்தவை.

இன்று நிலைமை முன்னைவிட மோசம். மொழி உதவியை வலியுறுத்தி கிளின்டன் 2000இல் பிறப்பித்த நிர்வாக ஆணையை டிரம்ப் 2025 மார்ச்சில் நீக்கினார். 1964ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது. அது தரும் உரிமையைக் கேட்டுப் பெறுபவர்தான் வேண்டும். காத்திருக்க நேரமும் இல்லை: 1980இல் இருபத்தைந்து வயதில் வந்திறங்கியவருக்கு இப்போது எழுபதுக்கு மேல். அமைப்புகள் முதியோரோடு துணைக்குப் போவதை நிறுத்த வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முறையும் பதிவு மேசையிலேயே மொழிபெயர்ப்பாளரைக் கேட்க வேண்டும். வந்தாரா, எவ்வளவு நேரம் காக்கவைத்தார்கள், கையெழுத்து வாங்கிய படிவத்தை யார் விளக்கினார்கள் என்று தேதியோடு எழுதிவைக்க வேண்டும். ஓராண்டுப் பதிவுகளைச் சேர்த்துச் சுகாதாரத் துறையின் குடிமை உரிமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அதனால் ஒரு மானியம் போனாலும்.