கையில் இருப்பதை முடி, பிறகு அடுத்ததை எடு!

மென்பொருள் குழுவை வழிநடத்துகிறவர் யாரைப் பார்த்தாலும் நான் விடாமல் பேசுகிற விஷயம் ஒன்று உண்டு. ஒரு பலகை. அதில் சில கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் ஓர் எண். அந்த எண்ணைத் தாண்டி ஒரு வேலைகூட அந்தக் கட்டத்துக்குள் நுழையக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்! கன்பான் பலகை, விப் லிமிட் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். காசு செலவில்லை, புதிய மென்பொருள் வாங்க வேண்டியதில்லை, ஆள் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் குழு வேலை செய்யும் விதத்தையே இது புரட்டிப் போடுகிறது. இத்தனை வருட அனுபவத்தில் இதற்கு ஈடாக இன்னொன்றை நான் பார்த்ததே இல்லை.

எங்கள் குழு சென்னை ஓஎம்ஆரில் உட்கார்ந்து கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறது. எங்கள் பலகையில் டெவலப்மென்ட் கட்டத்துக்கு நான்கு, கோட் ரிவியூவுக்கு இரண்டு, டெஸ்டிங்குக்கு மூன்று. ரிவியூ கட்டம் நிரம்பியிருந்தால், கோட் எழுதி முடித்தவர் தன் டிக்கெட்டை அங்கே தள்ள முடியாது. அது டெவலப்மென்ட் கட்டத்திலேயே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் புதிய டிக்கெட்டையும் எடுக்க முடியாது. அப்படியானால் அவர் என்ன செய்வார்? இந்த முறையின் அழகெல்லாம் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

ஒருநாள் காலை, குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி வந்து நின்றான். "அக்கா, என் டிக்கெட் முடிஞ்சிருச்சு. அடுத்ததை எடுத்துக்கட்டுமா?" நான் பதில் சொல்வதற்குள் அவனே பலகையைப் பார்த்துவிட்டான். "ஓ, ரிவியூ ஃபுல்லா இருக்குல்ல... சரிக்கா, நான் அதைப் பார்க்கிறேன்." போய் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் இருப்பவரின் புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்து வரி வரியாகப் படித்தான். சிறிது நேரத்தில் எழுந்து போய் அவர் தோளைத் தட்டினான். "அண்ணா, இங்க பாருங்க. தள்ளுபடியைக் கழிக்கிறதுக்கு முன்னாடியே ஜிஎஸ்டி போட்டிருக்கீங்க." ஒரே ஒரு வரியை மேலே கீழே மாற்றியதில் சரியாகிவிட்டது. அது அப்படியே போயிருந்தால் எத்தனை கடைகளில் எத்தனை வாடிக்கையாளர்கள் கூடுதல் வரி கட்டியிருப்பார்கள்! யாரும் அவனுக்கு உத்தரவு போடவில்லை. 'டீம் வொர்க்' பற்றி யாரும் பிரசங்கமும் செய்யவில்லை. ரிவியூ கட்டத்தின் மேல் எழுதியிருந்த '2' என்ற எண்தான் அதைச் செய்ய வைத்தது.

இதை முதன்முதலில் கேட்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். "வேலையைக் குறைச்சலா எடுத்தா அதிகமா எப்படி முடியும்?" என்பார்கள். இதற்குக் கணக்கு இருக்கிறது. எம்ஐடியில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்த ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி அது. ஒரு அமைப்புக்குள் சராசரியாக எத்தனை வேலைகள் கிடக்கின்றனவோ, அதை வேலைகள் முடியும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே இருக்கும் சராசரி நேரம் கிடைத்துவிடும். ஒரு குழுவின் கையில் 20 டிக்கெட்டுகள் இருக்கின்றன, வாரத்துக்கு 5 முடிகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிக்கெட் வெளியே வர 4 வாரம். அதே குழு, அதே வேகம், ஆனால் கையில் 10 மட்டும் என்றால் 2 வாரம். ஒருவரும் ராத்திரி கண்விழிக்கவில்லை, ஒருவரும் சனிக்கிழமை ஆபீஸ் வரவில்லை. ஆனாலும் காத்திருக்கும் நேரம் பாதியாகிவிட்டது! இந்தக் கணக்கை முதல்முறை போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நடைமுறையில் இதைவிடவும் நல்லதே நடக்கிறது. ஒருவர் தலையில் நான்கு வேலை கிடந்தால், ஒவ்வொரு முறை மாறும்போதும் 'எங்கே விட்டோம்' என்று தேடுவதிலேயே அரை நாள் போய்விடும். அந்த அரை நாளும் திரும்பக் கிடைக்கிறது.

பொங்கலுக்கு முந்தின நாள் பரனூர் டோல்கேட்டில் நின்றவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பின்னால் இன்னும் நூறு கார் சேர்வதால் முன்னால் இருக்கும் ஒரு காரும் வேகமாக நகராது.

இந்த யோசனையின் வேர் ஜப்பானில் இருக்கிறது. டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ, அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டுகளில் விற்றுப்போன பொருளுக்கு மட்டும் மறுபடி சரக்கு அடுக்குவதைக் கவனித்து, அதே தர்க்கத்தைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார். முந்தைய கட்டம் உருவாக்கித் தள்ளுவதை நிறுத்தி, அடுத்த கட்டம் கேட்கும்போது மட்டும் கொடு என்பதுதான் அதன் சாரம்.

மென்பொருளுக்கு அது வந்த கதை நம் பக்கத்து ஊரில் நடந்திருக்கிறது என்பதில் எனக்குத் தனிப் பெருமை! 2004-ல் மைக்ரோசாஃப்ட்டின் உள் தேவைகளுக்கான மென்பொருள்களைப் பராமரிக்கும் குழு ஒன்று ஹைதராபாத்தில் இருந்தது. ஒரு சின்ன மாற்றம் கேட்டால்கூட முடிந்து வர ஐந்து மாதம் போலாகும். கேட்டவர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். டிராகோஸ் டுமிட்ரியு என்ற மேலாளர் அந்தக் குழுவைப் பொறுப்பேற்று, பின்னாளில் இந்த முறையைப் புத்தகமாக எழுதிய டேவிட் ஆண்டர்சனிடம் யோசனை கேட்டார். இருவரும் பார்த்த முதல் விஷயம் என்ன தெரியுமா? குழுவின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எஸ்டிமேட் போடுவதிலேயே போய்க்கொண்டிருந்தது! அப்படி எஸ்டிமேட் போட்ட வேலைகளில் பல, கடைசிவரை செய்யப்படாமலே கிடந்தன. எஸ்டிமேட் போடுவதை நிறுத்தினார்கள். கையிலிருக்கும் வேலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள். இடம் காலியாகும்போது மட்டும் அடுத்தது எது என்று கேட்டு எடுத்தார்கள். டெவலப்பர்களிடம் வேலை தேங்குகிறது, டெஸ்டர்களுக்குக் கை ஓய்வாக இருக்கிறது என்று தெரிந்ததும் ஆள் விகிதத்தை மாற்றினார்கள். கோட் எழுதும் முறையையோ டெஸ்ட் செய்யும் முறையையோ மாற்றச் சொல்லவே இல்லை. ஒரு வருடத்துக்குள் அந்த ஐந்து மாதம் இரண்டு வாரமாகச் சுருங்கிவிட்டது. முடிக்கும் வேலைகளின் அளவு இரு மடங்கைத் தாண்டியது. ஆண்டர்சன் 2010-ல் எழுதிய 'கன்பான்' புத்தகத்தில் இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறார். குழுத் தலைவர் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவரும் அதைப் படித்தே ஆக வேண்டும் என்று அடித்துச் சொல்வேன்.

வேலை தாமதமானால் மேலிடத்துக்கு உடனே தோன்றுவது 'ஆள் போடு' என்பதுதான். தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 திட்டத்தை நடத்திய அனுபவத்தில் சொன்னது அது. 5 பேர் குழுவில் ஒருவரோடு ஒருவர் பேச 10 வழிகள். 10 பேர் ஆனால் 45. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் பழையவர்தான் உட்கார வேண்டும். ஆளைக் கூட்டுவதற்கு முன்னால் கையிலிருக்கும் வேலையைக் குறைத்துப் பாருங்கள் என்று நான் கெஞ்சாத குறையாகக் கேட்பது இதனால்தான்.

இந்தப் பலகை வந்த பிறகு ஸ்டாண்டப் கூட்டமே வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் ஒவ்வொருவராக 'நேற்று இதைச் செய்தேன், இன்று அதைச் செய்வேன்' என்று ஒப்பிப்பார்கள். இப்போது நாங்கள் ஆட்களை விட்டுவிட்டு டிக்கெட்டுகளைப் பற்றிப் பேசுகிறோம். அதுவும் வலது பக்கத்திலிருந்து! ரிலீஸுக்கு மிக அருகில் இருப்பது எது, அதை இன்றே வெளியே அனுப்ப என்ன தடை, யார் கைகொடுக்கலாம்? அதன் பிறகுதான் இடப்பக்கம் நகர்வோம். டிக்கெட்டின் நுனியில் சிவப்புக் குறி இருந்தால் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், மாட்டிக்கொண்ட வேலையை எல்லாருமாகச் சேர்ந்து விடுவிக்கிற அந்தப் பத்து நிமிடம், எனக்கு நாளின் மிகப் பிடித்த நேரம்.

தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு இது தரும் இன்னொரு பலத்தையும் சொல்லியாக வேண்டும். "இதுவும் அவசரம், அதுவும் அவசரம்" என்று ப்ராடக்ட் ஓனர் வந்து நிற்கும்போது முடியாது என்று சொல்லவும் வேண்டாம், சரி சரி என்று தலையாட்டவும் வேண்டாம். பலகைக்குப் பக்கத்தில் அழைத்துப் போய், "தாராளமாச் செய்யலாம் சார், இதுல எதை எடுத்து வெளியே வைக்கட்டும்?" என்று கேட்டால் போதும். அவர் தாடையைத் தடவியபடி நிஜமாகவே யோசிப்பார். பாதி நேரம், "சரி, இது முடியட்டும், அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று அவரே சொல்வார். குழுவைக் காப்பாற்றுவதும் வியாபாரத்துக்கு உதவுவதும் ஒரே கேள்வியில் நடந்துவிடுகிறது!

வேகமாகப் போனால் தரம் போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. நிக்கோல் ஃபோர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் 2018-ல் வெளியிட்ட 'ஆக்ஸிலரேட்' புத்தகம் அந்தப் பயத்தைத் துடைத்துப் போட்டது. எத்தனை முறை ரிலீஸ் செய்கிறோம், கோட் எழுதியதிலிருந்து ப்ரொடக்‌ஷனுக்குப் போக எவ்வளவு நேரம், ரிலீஸ்களில் எத்தனை சதவீதம் கோளாறாகிறது, கோளாறிலிருந்து மீள எவ்வளவு நேரம் என்ற நான்கையும் அவர்கள் அளந்தார்கள். வேகத்தில் முன்னே நிற்கும் குழுக்கள்தான் நிலைத்தன்மையிலும் முன்னே நிற்கின்றன என்பது அவர்கள் கண்டது. காரணம் கண்கூடு. சின்னச் சின்ன மாற்றமாக அனுப்பினால், தப்பு நடந்தாலும் எங்கே என்று உடனே தெரியும். மூன்று மாத வேலையை மூட்டையாகக் கட்டி ஒரே ராத்திரியில் இறக்கினால் எந்த வரியில் தேடுவது?

உங்கள் குழுவில் இதை நாளைக்கே ஆரம்பிக்கலாம், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பாதியில் கிடக்கும் வேலைகளை எல்லாம் எண்ணுங்கள். ஜிராவில் இருப்பதோடு நிறுத்தாமல், வாட்ஸ்அப்பில் 'சின்ன வேலைதான்' என்று வந்ததையும் சேர்த்து எண்ணுங்கள். கடந்த நான்கு வாரத்தில் முடிந்தவற்றை எண்ணி நான்கால் வகுத்தால் உங்கள் வார வேகம் கிடைக்கும். பாதியில் கிடப்பதை அந்த வேகத்தால் வகுத்து, வரும் எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதி எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒட்டுங்கள். இன்றைக்கு உள்ளே வருகிற வேலை வெளியே போக அத்தனை வாரம் ஆகும். பிறகு டெஸ்டிங் கட்டம் ஒன்றுக்கு மட்டும் வரம்பு வையுங்கள். முதல் வாரம் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள். ஒட்டி வைத்த எண் குறையக் குறைய, அடுத்த கட்டத்துக்கும் வரம்பு வைக்கச் சொல்லி உங்கள் குழுவே உங்களிடம் வந்து கேட்கும்!